விளக்கு எரிகிறது, கோப்புகளைக் காணோம்: கணினிக் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றித்தான். கோப்புகளுக்குப் பாதுகாப்பு நகல், அதாவது பேக்கப் எடுத்தோம், எடுத்ததாக நம்பினோம், தேவைப்பட்ட அன்றைக்கு அதில் ஒன்றுமில்லை. மதியத்துக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு இடி இறங்குகிற பருவம் இது, கணினிகள் வரிசையாகப் போகின்றன, அதனால் மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இந்த இதழ் முழுக்க இதற்கே. முதல் கடிதத்துக்குப் பதில் நீளம்தான். அந்த ஒரு கோயில் கணினியில் நடந்ததைப் பார்த்தாலே பல பேருடைய கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

கேள்வி: தம்பி, எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு நான் செயலாளர். இரண்டு வருடத்துக்கு முன்பு அக்கா மகன் கோயில் கணினியில் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டி, விண்டோஸில் தானாக நகலெடுக்கிற ஃபைல் ஹிஸ்டரியை ஓடவிட்டுப் போனான். டிஸ்க்கின் நீல விளக்கு எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும், அதனால் நான் கவலைப்படவில்லை. போன மாதம் இடி விழுந்து கணினி போய்விட்டது. கடையில் உள்ளே இருந்த டிஸ்க்கையும் சேர்த்து மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது வெளி டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் கடிதங்கள் தைப்பூசம் வரைக்கும்தான் இருக்கின்றன, நன்கொடைக் கணக்கு ஒன்றுகூட இல்லை. ஆண்டுப் பொதுக்கூட்டம் வருகிறது. என்ன செய்வது?

பதில்: அக்கா கடிதத்தோடு நிற்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டார். மஞ்சள் துணியில் சுற்றியிருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டு மூடியின் மேல் இன்னும் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருடைய பதற்றம் எனக்குப் புரிந்தது. பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போயாக வேண்டும், அதற்கு முன்னால் உறுப்பினர்கள் முகத்தைப் பார்த்துக் கணக்குச் சொல்ல வேண்டும்.

நான் அவரிடம் முதலில் கேட்டது ஒன்றுதான்: பழைய கணினிக்குள் இருந்த டிஸ்க் எங்கே? கடையிலேயே இருக்கிறது என்றார். உடனே போன் போட்டு, அதைத் தூக்கிப் போடாதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள், வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லச் சொன்னேன். இடியில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் பவர் சப்ளையும் மதர்போர்டும்தான், டிஸ்க் உயிரோடு இருக்கிற வாய்ப்பு நிறையவே உண்டு. மறுநாள் அதை வாங்கி வந்து, உள் டிஸ்க்கின் சாட்டா இணைப்பை யூஎஸ்பி ஆக்குகிற கேபிளில் மாட்டினோம். சுற்றியது, திறந்தது. கணக்கு ஃபோல்டர் முழுசாக இருந்தது. வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்து, நாலைந்து மாதக் கணக்கை என் கணினியில் திறந்து காட்டிய பிறகுதான் அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

இதைப் படிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன், கடையில் டிஸ்க்கை மாற்றினால் பழையதைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் சொத்து. இன்னொன்று, புது மடிக்கணினிகளில் விண்டோஸ் 11 பல நேரம் டிஸ்க்கைத் தானாகவே பூட்டி வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்கத் திறவு எண்ணைக் கேட்கும். அந்த எண் பொதுவாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே அதைப் பார்த்துத் தாளில் எழுதி வைத்தால்தான் உண்டு, இடி விழுந்த பிறகு அந்தக் கணக்கின் கடவுச்சொல்லே மறந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பேக்கப் ஏன் தைப்பூசத்தோடு நின்றது? அக்காவின் டிஸ்க்கில் கேபிள் சொருகுகிற இடம் அகலமாக, ஒரு பெரிய பாதியும் ஒரு சின்னப் பாதியுமாக இருக்கும், வெளி ஹார்ட் டிஸ்க்குகளில் நிறையப் பார்த்திருப்பீர்கள். கேபிளை மாட்டி விரலால் லேசாக அசைத்தேன். திரையில் டிஸ்க் வந்தது, போனது, மறுபடி வந்தது. ஆனால் நீல விளக்கு ஒரு தடவைகூட அணையவில்லை! தைப்பூசத்துக்குப் பால்குடச் சீட்டு எழுத மேசையை வாசல் பக்கம் நகர்த்தினோம் என்று அவரே ஞாபகம் வந்து சொன்னார். அன்றைக்குத்தான் கேபிள் மடங்கியிருக்க வேண்டும். ஒரே கேபிளுக்குள் கரண்டுக்குத் தனிக் கம்பி, தகவலுக்குத் தனிக் கம்பி. விளக்கு எரிந்தால் கரண்டு வருகிறது, அவ்வளவுதான் அதற்குப் பொருள். பேக்கப் நடக்கிறதா இல்லையா என்பது அந்த விளக்குக்குத் தெரியாது. திரையின் மூலையில் டிரைவை மீண்டும் இணைக்கச் சொல்லி ஒரு செய்தி அடிக்கடி வந்ததாம், விளக்குதான் எரிகிறதே என்று மூடிவிட்டாராம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த விளக்கை நம்பாதே என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

உங்கள் டிஸ்க்கும் இப்படி வந்து வந்து போனால், டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் கேபிளை மாற்றிப் பாருங்கள். கையில் வேறு கேபிள் இல்லையென்றால் ஒரு வழி உண்டு. பழைய போன்களுக்கு வந்த மைக்ரோ யூஎஸ்பி கேபிள், சார்ஜ் மட்டும் ஏற்றுவதாக இல்லாமல் தகவலும் போகிற கேபிளாக இருந்தால், அந்த அகலமான துளையின் பெரிய பாதியில் சரியாகப் பொருந்தும். வேகம் குறையும், ஆனால் பெரும்பாலும் டிஸ்க் திறக்கும். கேபிள் மாற்றியும் டக் டக்கென்று ஒரே தாளத்தில் சத்தம் கேட்டால் அது வேறு கதை. உடனே கழற்றி வைத்துவிடுங்கள். அதன் மேல் எந்த மென்பொருளையும் ஓட்டிப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு சுற்றும் உள்ளே தட்டைக் கீறிக்கொண்டிருக்கலாம். சத்தமில்லை ஆனால் சந்தேகம் இருக்கிறது என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நீலம் என்றால் நல்லது, மஞ்சள் என்றால் முக்கியமானதையெல்லாம் இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

அடுத்தது, தைப்பூசத்துக்கு முன்னால் கேபிள் நன்றாகத்தானே இருந்தது, அப்போதைய கணக்கு ஏன் ஒன்றுகூட இல்லை? என்னைக் கேட்டால் பெரிய ஆபத்து இதுதான், ஏனென்றால் இங்கே எதுவுமே கெட்டுப்போகவில்லை. ஃபைல் ஹிஸ்டரி கணினி முழுவதையும் காப்பதில்லை. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், படங்கள் மாதிரி உங்கள் பெயரில் இருக்கிற சில ஃபோல்டர்களைத்தான் அது மணிக்கு ஒரு முறை பார்த்து நகலெடுக்கும். கோயிலின் கணக்கு மென்பொருளோ தன் தகவலை சி டிரைவில் நேராகத் தனி ஃபோல்டரில் வைத்திருந்தது. அந்த ஃபோல்டரைச் சேர்க்கச் சொல்லி யாரும் சொல்லாததால் இரண்டு வருடமும் அது அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டிலோ கடையிலோ கணக்கு மென்பொருள் இருந்தால் அது எந்த ஃபோல்டரில் எழுதுகிறது என்று இன்றைக்கே கண்டுபிடியுங்கள். விண்டோஸ் 10-இல் ஃபைல் ஹிஸ்டரி அமைப்பிலேயே ஃபோல்டரைச் சேர்க்கலாம். விண்டோஸ் 11-இல் அந்த வசதி இல்லை, கண்ட்ரோல் பேனல் வழியாகத்தான் உள்ளே போக முடியும், ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து லைப்ரரியில் சேர்த்தால் அதையும் எடுத்துக்கொள்ளும். அதைவிட நல்லது, கணக்கு மென்பொருளிலேயே பேக்கப் பொத்தான் இருந்தால் அதை அழுத்தி வருகிற கோப்பை டாக்குமெண்ட்ஸில் போடுவது. மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகல் சில நேரம் அரைகுறையாக இருந்துவிடும்.

ஃபைல் ஹிஸ்டரி டிஸ்க்கை நேராகத் திறந்து தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். கோப்புப் பெயரின் கடைசியில் தேதியும் நேரமும் ஒட்டியிருக்கும், அது நம் நேரம் இல்லை, யூடிசி என்கிற உலகப் பொது நேரம். நாம் அதற்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். காலை ஆறரைக்குப் பூஜை நேரத்தில் சேமித்த கோப்பு முந்தின நாள் இரவு பத்தரை என்று காட்டும். அக்கா அதைப் பார்த்துவிட்டு யாரோ ராத்திரியில் ஆபீசுக்குள் வந்து கணினியைத் தொட்டிருக்கிறார்கள் என்று காவலாளியைக் கேட்டிருக்கிறார். பாவம், அவர் தொடவில்லை.

இனிமேலைக்கு இப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறேன். டிஸ்க் இரண்டு. ஒன்று ஆபீசில், இன்னொன்று அக்கா வீட்டு அலமாரியில், மாதம் ஒரு முறை மாற்றிக்கொள்ள வேண்டும். பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும், மாட்டியே வைத்திருந்தால் அடுத்த இடியில் கணினியோடு சேர்ந்து அதுவும் போகும். இணைய ஒயர் வழியாகவும் மின்னல் வரும், மேகம் கூடினால் அதையும் பிடுங்குங்கள். பௌர்ணமி பூஜைக்கு எப்படியும் எல்லோரும் கூடுகிறார்கள், அன்றைக்குப் பொருளாளர் தன் சொந்த மடிக்கணினியில் டிஸ்க்கை மாட்டி அந்த மாதக் கணக்கில் ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து தொகை சரியா என்று பார்க்க வேண்டும். கோயில் கணினியில் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது, அது தன்னிடமே இருக்கிற மூலக் கோப்பைத் திறந்து காட்டினாலும் உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். வீட்டுக் கணினியில் விண்டோஸ் 10. 11-க்கு மாறுவதற்கு முன் முழுக் கணினியையும் அப்படியே ஒரே நகலாக, அதாவது இமேஜ் எடுத்து வைக்கலாம் என்று பார்த்தால், இடம் போதவில்லை என்று சொல்லி 80780119 என்று முடிகிற பிழை எண் வருகிறது. வெளி டிஸ்க்கில் 800 ஜிபி காலியாக இருக்கிறது! எப்படிப் போதாமல் போகும்?

பதில்: டீச்சர், உங்கள் வெளி டிஸ்க் மேல் தப்பே இல்லை. அந்தச் செய்தி சொல்கிற இடம் வேறு. உங்கள் கணினிக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பகுதிகள் இரண்டு மூன்று இருக்கின்றன, விண்டோஸ் கிளம்புவதற்கு ஒன்று, பழுது பார்ப்பதற்கு ஒன்று என்று. இமேஜ் எடுக்கும்போது அவற்றையும் ஒரு கணம் நிழல் நகல் எடுக்க வேண்டும், அதற்கு அந்தப் பகுதிக்குள்ளேயே கொஞ்சம் காலி இடம் தேவை. 500 எம்பிக்குக் குறைந்த பகுதியென்றால் 50 எம்பியாவது, அதைவிடப் பெரியதென்றால் 320 எம்பியாவது. பழுது பார்க்கும் பகுதி காலப்போக்கில் நிரம்பி, அந்த அளவு காலி இல்லாமல் போயிருக்கும். விண்டோஸில் இருக்கிற டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் அந்தப் பகுதிகள் சின்னப் பெட்டிகளாகத் தெரியும். பார்த்துவிட்டு மூடிவிடுங்கள், எதையும் அழிக்காதீர்கள். தப்பான பெட்டியை அழித்தால் கணினி கிளம்பாது.

இந்தக் கருவி விண்டோஸ் 7 காலத்தது, அதன் பெயரிலேயே 7 ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். இமேஜ்தான் வேண்டுமென்றால் கிளோன்ஸில்லா இலவசம், பென்டிரைவில் போட்டு அதிலிருந்து கிளம்ப வேண்டும். ஆனால் உங்களிடம் இருப்பது கேள்வித்தாள், மதிப்பெண் பட்டியல், பள்ளி விளையாட்டு விழாப் படங்கள். அவற்றுக்கு இமேஜே தேவையில்லை என்பது என் கருத்து. ஃபோல்டர்களை அப்படியே நகலெடுங்கள், வேறு கணினியில் பத்துக் கோப்பைத் திறந்து பாருங்கள், அப்புறம் மாறுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது, ரொம்ப நாள் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: அண்ணே, அக்கா கல்யாண வீடியோவை 64 ஜிபி பென்டிரைவில் பேக்கப் போடப் பார்த்தால் கோப்பு ரொம்பப் பெரியது என்கிறது. கோப்பு 6 ஜிபிதான்.

பதில்: தம்பி, உன் பென்டிரைவ் ஃபேட் 32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கிறது. அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது, எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் சரி. உள்ளே இருப்பதை எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய், பிரச்சினை தீர்ந்துவிடும். பழைய தொலைக்காட்சிகள் சிலது எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது, ஆச்சி வீட்டு டிவியில் போட்டுக் காட்டுவதற்கு இருந்தால் முதலில் அதில் சோதித்துப் பார். கல்யாண வீடியோவுக்கு ஒரு பென்டிரைவை மட்டும் நம்பாதே.

கேள்வி: நான் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். 1996-இல் எங்கள் தோட்டத்தைப் பற்றி நூறு பக்கம் போல எழுதினேன். பிளாப்பியில் இருந்ததை சிடிக்கு மாற்றி, சிடியில் இருந்ததை பென்டிரைவுக்கு மாற்றிப் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். இப்போது திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை, கொம்பும் கோடும் வைத்த ஏதோ எழுத்துகள் வருகின்றன. பேக்கப் கெட்டுவிட்டதா?

பதில்: ஐயா, கெடவில்லை. நூறு பக்கமும் அப்படியே இருக்கிறது, இதைத் தைரியமாகச் சொல்கிறேன். கெட்டுப்போன கோப்பு திறக்கவே திறக்காது, அல்லது பாதியில் நின்றுவிடும். உங்களுடையது பத்தி பத்தியாக, தலைப்பு தலைப்பாக, அந்தந்த இடத்தில் வரிசையாக வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் காலத்தில் தமிழுக்குக் கணினியில் தனி இடம் கிடையாது. ஆங்கில எழுத்துக்கும் ஐரோப்பிய எழுத்துக்கும் உரிய எண்களின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தி எழுத்துரு செய்தார்கள். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கியதிலிருந்து இங்கே பலரும் அதில்தான் எழுதினோம். அப்புறம் டிஸ்கி, 1999-இல் டாம், டாப் என்று குறியீடுகள் பல வந்தன, ஒருவர் எழுதியது இன்னொருவர் கணினியில் தெரியாது. கோப்புக்குள் இருப்பது எண்கள் மட்டும்தான், அந்த எழுத்துரு இருந்தால் அது தமிழ், இல்லாவிட்டால் கொம்பும் கோடும். நீங்கள் கோப்பை மூன்று முறை பத்திரமாக மாற்றினீர்கள், எழுத்துருவை மாற்ற மறந்துவிட்டீர்கள், எல்லோரும் மறந்தது அதுதான்.

கோப்பை முதலில் நகலெடுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள், அதைத் திறந்து சேவ் அழுத்தவும் வேண்டாம். நகலிலிருந்து ஒரே ஒரு பத்தியை எடுத்து என்எச்எம் கன்வர்ட்டர் என்ற இலவச மென்பொருளில் போட்டு, அதன் பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு குறியீடாக, இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிப் பாருங்கள். ஏதோ ஒன்றில் உங்கள் தோட்டத்துப் பெயர் சட்டென்று தமிழில் வந்து நிற்கும். எது பொருந்துகிறதோ அதிலேயே முழுதையும் மாற்றிக்கொள்ளலாம். எதிலும் வராவிட்டால் கோப்பை எனக்கு அனுப்புங்கள், பழைய எழுத்துருக்கள் சிலவற்றை நான் இன்னும் வைத்திருக்கிறேன். மாற்றிய பிறகு ஒரு பிரதி அச்சடித்தும் வையுங்கள் ஐயா. காலையில் ஆள் கணக்கெடுத்த பிரட்டுக்களமும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையும் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது, அங்கே யார் யார் இருந்தார்கள் என்று எழுதிய தாள் உங்களிடம் மட்டும்தான் இருக்கக்கூடும்.

கேள்வி: போன வருடம் என் கணவர் தவறிவிட்டார். தோட்டத் தொழிலாளர் வீடுகளான லயத்தை இடிப்பதற்கு முன்னால் அவர் வீடு வீடாகப் போய் எடுத்த படங்கள் எல்லாம் அவருடைய போன் கூகிள் கணக்கில் இருக்கின்றன. கூகிளில் ஏறிவிட்டால் அதுவே பேக்கப்தான், வேறு எதுவும் வேண்டாம் என்கிறான் மகன். சரியா?

பதில்: இல்லை அம்மா. அந்தப் படங்களைப் பொறுத்தவரை நாள் எண்ணப்படுகிறது. இரண்டு வருடம் யாரும் பயன்படுத்தாத கணக்கை அதில் உள்ளதோடு சேர்த்து கூகிள் நீக்கலாம், 2023 டிசம்பரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. இதுவரை யாரும் அந்தக் கணக்கைத் திறக்கவில்லை என்றால் ஒரு வருடம் ஏற்கெனவே போயிருக்கலாம். போன் இன்னும் உயிரோடு இருக்கும்போதே திறந்து படங்களைப் பாருங்கள், ஆனால் போனில் இடம் வேண்டும் என்று யாரும் எதையும் அழித்துவிடக் கூடாது. போனின் கூகிள் ஃபோட்டோஸில் அழித்த படம் மேலே கூகிள் கணக்கிலும் அழியும், ஏறின படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அப்புறம் கிடையாது. இலவச இடமும் மின்னஞ்சல், டிரைவ், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். அது நிரம்பிவிட்டால் புதிய படங்கள் மேலே ஏறாது. அவர் கடைசியாக எடுத்தவை ஏறியே இருக்காது, போனில் மட்டும் இருக்கலாம். அவற்றை முதலில் கேபிள் போட்டுக் கணினிக்கு எடுங்கள்.

அப்புறம் மகனிடம் சொல்லி அந்தக் கணக்கில் கூகிள் டேக்அவுட் என்ற பக்கத்தைத் திறந்து, ஃபோட்டோஸை மட்டும் தேர்ந்தெடுத்து, மொத்தமாக இறக்கச் சொல்லுங்கள். கட்டு கட்டாக ஜிப் கோப்புகள் வரும், தயாரானதும் மின்னஞ்சலில் இணைப்பு வரும், அந்த இணைப்பு சில நாட்களில் காலாவதியாகிவிடும். உங்கள் பக்கம் இணையம் மெதுவாக இருந்தால் இரவு முழுக்க ஓடவிட்டு ஒவ்வொன்றாக இறக்குங்கள். இறக்கி முடித்ததும் ஜிப்பைப் பிரித்து, இரண்டு டிஸ்க்கில் போட்டு, ஒவ்வொரு கட்டிலிருந்தும் நாலைந்து படத்தைப் பெரிதாகத் திறந்து பாருங்கள், எந்த வீடு, யார் நிற்கிறார்கள் என்று நீங்கள் அடையாளம் சொல்கிற அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. அவருடைய போன் எண் பிரீபெய்டு என்றால் உடனே காசு ஏற்றி உயிரோடு வைத்திருங்கள். கணக்கைத் திறக்கும்போது கூகிள் அந்த எண்ணுக்குத்தான் குறியீடு அனுப்பும் வாய்ப்பு அதிகம், எண் போய்விட்டால் கடவுச்சொல் தெரிந்திருந்தும் வெளியே நிற்க வேண்டி வரும். இந்த வாரமே செய்யுங்கள், தடங்கல் வந்தால் எனக்கு எழுதுங்கள்.